படத்தின் ஓரத்தில் இருந்த கை

அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள்.

துறைத் தலைவர், மேசைக்குப் பின்னால். அவருக்கு இடப்பக்கம், என் மகளுக்கு வழிகாட்டியாக இருந்த மேடம். ஜன்னலோரம் நூலகர், மடியில் கெட்டி அட்டை போட்ட பெரிய புத்தகம். கதவருகே அட்டெண்டர், நின்றபடி. மேசைக்கு முன்னால் என் மகள், அவளும் நின்றபடி. அவளுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாகக் கிடந்தது. கால் மணி நேரம் கழித்து அதில் அந்தாள் வந்து உட்கார்ந்தார்.

அந்தாள் என்றுதான் எழுத முடியும். பேர் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அந்தப் பேரை எடுப்பதில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என் மகள் நாமக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. கடைசிப் பருவம் படித்தாள். ஆய்வேடு ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் மலை வேலைகளைப் பற்றி எழுதினாள். மிளகு பறிப்பது, சாமை அடிப்பது, கிழங்கு பிடுங்குவது. அதில் திருட்டுப் படம் இருக்கிறது, தகப்பனைக் கூட்டி வா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு வெளித் தேர்வாளர் கையெழுத்துப் போடாவிட்டால் அந்த வருஷம் பட்டம் இல்லை.

பட்டம் இல்லையென்றால் கல்யாணம் என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். இந்த வருஷத்தோடு படிப்பு சரி, முடித்தாலும் சரி, முடிக்காவிட்டாலும் சரி. முடித்தால் அவள் வேலைக்குப் போகட்டும். முடிக்காவிட்டால் பஸ் நிற்கும் ஊரான சோளக்காட்டில் கடை வைத்திருக்கும் ஒருவர். மூத்தாள் இறந்து போனவர், என்னைவிட ஆறு வயதுதான் சின்னவர். பாக்கு மாற்றுவது மட்டும்தான் பாக்கி. அதைச் சொன்ன நாளிலிருந்து மகள் ஆய்வேட்டை ராப்பகலாக எழுதினாள்.

நான் ஐந்தாவது வரை படித்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். கல்லூரிக்குள் போனது அதுதான் முதல் தடவை. ஒரு மஞ்சப்பையில் இரண்டு கிலோ மிளகு கொண்டு போயிருந்தேன். யாருக்குக் கொடுப்பது என்று தெரியவில்லை. நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

படம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தாள் எங்கள் ஊருக்கு வந்தார். மகளுக்கு அப்போது நாலு வயது. மலையைப் பற்றிப் புத்தகம் எழுதப் போவதாகச் சொன்னார். கழுத்தில் கேமரா. எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் மூன்று மாசம் தங்கினார். சோறு என் மனைவி போட்டாள். களியும் கீரையும் தின்றார், குறை சொல்லவில்லை. எல்லாவற்றையும் படம் எடுத்தார். நாங்கள் கொட்டாவி விட்டாலும் எடுத்தார். எடுத்த படத்தையெல்லாம் அனுப்பி வைப்பதாகச் சொன்னார். ஊரே காத்திருந்தது.

எங்கள் பக்கம் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும். பறிக்க ஒற்றை மூங்கில்தான் ஏணி. கணுவுக்குக் கணு பக்கக்கிளையை நாலு விரல் விட்டு வெட்டியிருப்போம். அதில் கால்விரலை வைத்து ஏற வேண்டும். ஒற்றை மூங்கில் நிற்காது, உருளும். அதனால் ஒருவர் ஏறினால் ஒருவர் அடியைப் பிடிக்க வேண்டும். ஏறியவர் கால் மண்ணில் படும்வரை பிடித்தவர் கையை எடுக்கக் கூடாது. எறும்பு கடித்தாலும் எடுக்கக் கூடாது, மழை வந்தாலும் எடுக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. சொல்லும்படி யாரும் நடந்ததில்லை.

என் மனைவி ஏறுவாள். நான் பிடிப்பேன்.

அன்றைக்குப் பறிப்பு முடிந்து அவள் இறங்கிவிட்டாள். மடியில் இருந்த மிளகைச் சாக்கில் கொட்டிவிட்டாள். வெயில் சாய்ந்து கொடியில் விழுந்தது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இன்னொரு தரம் ஏறச் சொல்லுங்கள் என்று அந்தாள் என்னிடம் கேட்டார். நான் அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். இரண்டு ஆள் உயரம் போனதும் திரும்பிப் பார்க்கச் சொன்னார். பார்த்தாள். அப்புறம் அந்தாள் கேமராவிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தார்.

"நீங்க படத்துல விழறீங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

கையை எடுத்தேன். எடுக்கும்போதே கேமரா சத்தம் கேட்டது. இரண்டு எட்டு வைத்தேன். மூங்கில் உருண்டது.

பதினொரு மாசம் படுக்கையில் கிடந்தாள். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பிறகு போய்விட்டாள். அந்தப் பதினொரு மாசத்தில் என் கையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் பேசவில்லை. அதே கையால் புரட்டிப் போட்டேன், துடைத்தேன், ஊட்டினேன். ஒரு நாள் மட்டும், ஊட்டும்போது, என் மணிக்கட்டைப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

அவள் விழுந்த மூன்றாம் நாள் ஊர் கூடியது. அந்தாள் அதற்குள் முதல் பஸ்ஸில் மலை இறங்கிப் போயிருந்தார். யார் ஏறச் சொன்னது என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். அவர்தான் என்றேன். யார் பிடித்திருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நான் பிடிப்பேன் என்று எல்லாருக்கும் தெரியும். பிடித்திருந்தும் உருண்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அந்தாளைத் தள்ளி வைத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவரைத் தள்ளி வைத்தால் அவருக்கு நெருப்புக் கொடுக்க மாட்டோம், தண்ணீர் கொடுக்க மாட்டோம், அவர் பேரை எடுக்க மாட்டோம். நெருப்பும் தண்ணீரும் கேட்க அவர் அங்கே இல்லை. பேர் மட்டும் கைவசம் இருந்தது. அதை வாயில் எடுத்தவர் ஒவ்வொரு தரத்துக்கும் ஊர் முன்னால் நெடுக விழுந்து எழ வேண்டும் என்று முடிவு செய்தார்கள். பதினெட்டு வருஷம் யாரும் எடுக்கவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பேரே தெரியாது. தன்னைத் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது அந்தாளுக்கும் தெரியாது.

அனுப்புகிறேன் என்ற படம் வரவில்லை. புத்தகம் மட்டும் எங்கேயோ வந்திருக்கிறது.

அதைக் கல்லூரி நூலகத்தில் மகள் பார்த்தாள். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்களாம், அங்கேயே பார்த்துவிட்டு வைக்க வேண்டுமாம். நூலகர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் போனில் அவசர அவசரமாகப் பிடித்திருக்கிறாள். சனிக்கிழமை ஊருக்கு வந்தவள் பையைக்கூட இறக்காமல் போனை என் முன்னால் நீட்டினாள்.

"அப்பா, இது அம்மாவா?"

"ஆமா."

எங்கள் வீட்டில் அவள் அம்மா படம் கிடையாது. வாக்காளர் அட்டையில் ஒரு முகம் உண்டு. அது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். மகள் இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்த்தாள்.

"இந்தப் பக்கத்துப் பல்லு தூக்கியிருக்குது."

"ஆமா. உனக்கும்தான்."

அவள் நாக்கால் தன் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அப்புறம், இதை ஆய்வேட்டில் போடலாமா என்று என்னைக் கேட்டாள். அந்தப் புத்தகத்தில் எங்கள் ஊர்ப் படம் இன்னும் பதின்மூன்று இருக்கிறதாம். களம், கிழங்குக் காடு, சாமைக் கதிர், செத்துப்போன ஊர்க்கவுண்டர்கூட இருக்கிறாராம். வேறு எங்கேயும் கிடைக்காது என்றாள். யார் எடுத்த படம், எந்தப் புத்தகம் என்று கீழே போட வேண்டும் என்று மேடம் சொல்லியிருக்கிறார்கள், பேர் போடாமல் முடியாது என்றாள்.

"படம் அவன் புடிச்சது. மொகம் நம்முளது. போட்டுக்க கண்ணு. அவன் பேரு மட்டும் வேண்டாம்."

"எழுத்துலதானப்பா."

"எழுதுனாலும் எடுத்த மாதிரித்தான்."

அவள் தலையாட்டினாள். ஊர்க்கட்டு அவளுக்கும் ஊர்க்கட்டுதான். பிறகு படத்தின் ஓரத்தைக் காட்டி, இது யார் கை என்று கேட்டாள். போனில் அது மங்கலாக, ஒரு மரக்கட்டை மாதிரித் தெரிந்தது. நான் அதைப் பார்த்தேன். பதினெட்டு வருஷம் கழித்து அதை அங்கே பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

"ஆருதோ. பறிக்க வந்தவங்களுதா இருக்கும். வெட்டிப்புடு. அம்மா மட்டும் இருக்கட்டும்."

விரலால் ஓரத்தைத் தள்ளினாள். கை போய்விட்டது. பதினான்கு படத்துக்கும் கீழே "சொந்தச் சேகரிப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதுதான் குற்றம். அந்த அறையில் துறைத் தலைவர் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்க, உங்க மலையில ஆரு நட்ட மரத்துல வேணும்னாலும் ஏறிப் பலாப்பழம் பறிச்சுக்குவீங்களோ?"

"இல்லீங்க. நட்டவங்களக் கேட்டுத்தான் பறிப்போமுங்க."

"மரத்துக்குத் தெரியுது. படத்துக்குத் தெரியல."

அட்டெண்டர் சிரித்தார். அதன் பிறகுதான் துறைத் தலைவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எல்லாம் சரிபார்த்தேன் என்று அவர் கையெழுத்து இருந்தது. பார்க்காமல் போட்டிருக்கிறார். அதனால் அவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகப் பேசினார். வகுப்பில் பத்துத் தரம் சொன்னதாகவும், இந்தப் பெண் தன் கண்ணைப் பார்த்துப் பொய் சொன்னதாகவும், சொந்தச் சேகரிப்பு என்றால் வீட்டில் பெட்டியில் வைத்திருக்கும் படம் என்று தான் நம்பியதாகவும் சொன்னார். மலைப்பிள்ளையாயிற்றே என்று தான் பாவம் பார்த்ததுதான் தப்பு என்றார். இப்படி ஒருத்தி செய்தால் அடுத்த வருஷம் மலையிலிருந்து வரும் பிள்ளைக்கு யார் வழிகாட்டியாக இருப்பார்கள் என்று கேட்டார். அதைச் சொல்லும்போது மகளைப் பார்க்கவில்லை. துறைத் தலைவரைப் பார்த்தே சொன்னார்.

அட்டெண்டர் குனிந்து என் காதில் சொன்னார்.

"பொண்ணை அழுவச் சொல்லுங்க. அழுதா வெரசாப் போலாம்."

மகள் அழவில்லை. அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. வந்தவரைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அடையாளம் தெரிய எனக்கு ஒரு நொடி பிடித்தது. முன்மண்டை முழுக்க வழுக்கை. கழுத்தில் கேமரா இல்லை. நடை மட்டும் அதே நடை, காலை உதறி உதறி.

வெளித் தேர்வாளர் அவர்தான். மலையைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் என்று அவருக்கே ஆய்வேட்டை அனுப்பியிருக்கிறார்கள். திறந்தவர் தன் படத்தைப் பார்த்திருக்கிறார். அவர் வருவார் என்று மகளுக்குத் தெரியும். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் வந்திருக்க மாட்டேன்.

காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முழங்கை என் முழங்கையில் பட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டு, இரண்டு கையையும் அதற்குள் வைத்துக்கொண்டேன்.

அட்டெண்டர் டீ கொண்டு வந்து கொடுத்தார். அந்தாள் ஆற்றிக் குடித்துக்கொண்டே மெதுவாகப் பேசினார். அந்த அறையில் சத்தம் போடாத ஆள் அவர் ஒருவர்தான். படிப்புக்காக ஒருவர் படத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்வது குற்றமே இல்லை என்றார். அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது என்றார். விற்றால்தான் கேட்க வேண்டும், படிக்கக் கேட்க வேண்டியதில்லை என்றார். துறைத் தலைவர் மோவாயைத் தடவிக்கொண்டார். அவருக்கு அது தெரியாது என்று எனக்குப் பட்டது.

"என்னைக் கேக்கக்கூட வேண்டாம்மா. கீழ பேரு, புத்தகம், பக்கம். மூணே வரி. அதை ஏன் போடல?"

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஊர்க்கட்டு என்று அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் வாயிலிருந்து வர வேண்டிய பேச்சு. சொன்னால் ஏன் கட்டு என்று கேட்பார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

"எங்கப்பா வேண்டாம்னாருங்க சார்," என்றாள்.

"உங்கப்பன் என்ன யூனிவர்சிட்டியா?" என்றார் துறைத் தலைவர்.

அட்டெண்டர் மறுபடி சிரித்தார்.

அந்தாள் சிரிக்கவில்லை. ஆய்வேட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார். என் மனைவி பக்கம்.

பேர் போடாதது மறதி என்றுகூட வைத்துக்கொள்ளலாம், இதை மன்னிக்க முடியாது என்றார். படத்தை வெட்டியிருக்கிறாய், வெட்டினேன் என்று எழுதவும் இல்லை, எதற்காக வெட்டினாய் என்று கேட்டார்.

"ஓரத்துல யாரோ கை இருந்துச்சுங்க சார். படத்தைக் கெடுத்துச்சு."

அவர் நூலகரிடம் கையை நீட்டினார். நூலகர் எழுந்து வந்து புத்தகத்தைக் கொடுத்தார். பக்கம் பார்க்காமலே திறந்தார். அவருக்கு அந்த இடம் மனப்பாடம். புத்தகத்தை மகள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அந்தக் கைதாம்மா படம். ஏணியைப் பிடிச்சிருந்த ஆளு கையை விடறாரு பாரு. விரல் அஞ்சும் விரிஞ்சிருக்கு. அந்தம்மாவுக்குத் தெரியல, சிரிக்கறாங்க. அந்த நொடி. அதை வெட்டிட்டா இது வெறும் மிளகு பறிக்கிற பொம்பளை."

பெருமையாகத்தான் சொன்னார். அதில் வன்மம் ஒன்றும் இல்லை.

மகள் குனிந்து பார்த்தாள். போனில் பார்த்தது மாதிரி இல்லை, அந்தப் பக்கத்தில் கை விரல் விரலாகத் தெளிவாக இருந்தது. சுண்டுவிரல் பாதிதான். என் இடக்கையிலும் பாதிதான். கல்யாணத்துக்கு முன்னால் கிழங்கு அரைக்கும் மில்லில் போனது. அவள் சின்னதாக இருக்கும்போது அந்தப் பாதி விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அவள் உடனே திரும்பவில்லை. புத்தகத்தின் மேல் விரலை வைத்து அந்த இடத்தை ஒரு தரம் தடவினாள். பிறகு திரும்பி என் முகத்தைப் பார்க்காமல் மடியைப் பார்த்தாள். துண்டைப் பார்த்தாள்.

அவள் பார்த்த இடத்தை அந்தாளும் பார்த்தார். பிறகு என் முகத்தை.

"நீங்கதானா," என்றார்.

துண்டுக்குள் விரலை மடக்கிக்கொண்டேன்.

"இத்தனை வருஷம் ஆச்சு. அந்தம்மா எப்படி இருக்காங்க?"

மகள் சொன்னாள்.

"செத்துட்டாங்க சார். பதினொரு மாசம் கெடந்து செத்துட்டாங்க. நான் அவங்க மக."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தனக்குத் தெரியாது என்றார். அடி பட்டது தெரியும், ஆட்கள் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன், ஆஸ்பத்திரியில் சரியாகியிருக்கும் என்று நினைத்தேன் என்றார். அடுத்த மாசமே வெளிநாடு போய்விட்டாராம். பிறகு என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நான் தள்ளி நில்லுங்கன்னுதான் சொன்னேன். ஏணிய விடுங்கன்னு சொல்லலையே. மரத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பிடிச்சிருக்கலாமே."

மகளுக்குக் கேட்டது.

அது உண்மை. மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாலும் கை எட்டும். பதினெட்டு வருஷமாக அது எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தாள் சொன்னதும் எனக்கு வெட்கமாக இருந்தது, படத்தைக் கெடுக்கிறேனே என்று. அவ்வளவுதான். அதற்கு மேல் காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

துறைத் தலைவர் தொண்டையைச் செருமினார். நேரமாகிறது, இந்தப் பெண்ணை என்ன செய்யலாம் என்று கேட்டார். ஒரு வருஷம் நிறுத்தி வைத்தால் மற்றவர்களுக்குப் புத்தி வரும் என்று மேடம் சொன்னார். அந்தாள் வேண்டாம் என்றார். தாயில்லாப் பிள்ளை என்றார். இங்கேயே இப்போதே பதினான்கு படத்துக்கும் கீழே தன் பேரையும் புத்தகத்தின் பேரையும் பக்கத்தையும் அவள் கையால் எழுதட்டும், வெட்டிய படத்தை எடுத்துவிட்டு முழுப் படத்தை ஒட்டட்டும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்றார்.

எல்லாரும் அவர் பெரிய மனசைச் சொன்னார்கள்.

மகள் மேசையோரம் உட்கார்ந்தாள். மேடம் பேனா கொடுத்தார். முதல் படம், களம். மகள் எழுதினாள். எங்கள் ஊரில் பதினெட்டு வருஷம் யாரும் வாயில் எடுக்காத பேர், நீல மையில். என்னைக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. இரண்டாவது எழுதினாள். மூன்றாவதில் அந்தாள் குனிந்து பார்த்தார்.

"இனிஷியல் விட்டுட்டம்மா. என் பேருல நாலு பேரு எழுதறாங்க."

முதல் மூன்றுக்கும் திரும்பப் போய் இனிஷியல் போட்டாள்.

வெட்டாத படத்தை அச்சடிக்க என்னையும் அவளோடு அனுப்பினார்கள். நூலகர் புத்தகத்தோடு வந்தார், திருடிவிடுவோம் என்று. கல்லூரி வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. அங்கே இரண்டு மாணவிகள் நின்றிருந்தார்கள். மகளைப் பார்த்து ஒருத்தி இன்னொருத்தியிடம், சொந்தச் சேகரிப்பு வந்துவிட்டது என்றாள். கடைக்காரர் பக்கத்தை வைத்து மூடினார். மெஷின் தாளை மெதுவாக வெளியே தள்ளியது. முதலில் இலை வந்தது. பிறகு என் மனைவியின் முகம், தூக்கிய பல். பிறகு சேலை, கால், மூங்கில். கை கடைசியில் வந்தது.

மகள் தாளை எடுத்து சூடு ஆறக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "கண்ணு," என்றேன்.

"பேசாதீங்க," என்றாள்.

திரும்பிப் போய் ஒட்டினாள். கீழே எழுதினாள். அந்தாள் கையெழுத்துப் போட்டார். நன்றாக எழுதியிருக்கிறாய், மேலே படி என்று தலையில் கை வைத்துச் சொன்னார். அவள் கை கூப்பினாள். வெளியே வரும்போது நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். மிளகுப் பையைக் காணவில்லை. துறைத் தலைவரின் மேசைக்கு அந்தப் பக்கம் மஞ்சளாகத் தெரிந்தது.

பஸ்ஸில் அவள் முன்பக்கம் பெண்கள் சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்னால். சேந்தமங்கலத்தில் பஸ் நின்றபோது ஒரு பன்னும் டீயும் வாங்கி ஜன்னல் வழியாக நீட்டினேன். டீயை வாங்கிப் பக்கத்தில் இருந்த கிழவிக்குக் கொடுத்தாள். பன்னை வாங்கவில்லை. மலை ஏறும்போது பஸ் வளையும் பக்கமெல்லாம் எல்லாரும் சாய்ந்தார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நேராக இருந்தாள்.

சோளக்காட்டில் இறங்கினோம். மாப்பிள்ளை என்று நான் பார்த்து வைத்தவர் கடையில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்து வேட்டியைச் சரி செய்தார். மகள் அவரிடம் நேராகப் போனாள்.

"நான் பாஸுங்க. நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் நடந்துகொண்டே இருந்தேன். வீட்டுக்கு இரண்டு மைல். அவள் முன்னால் போனாள்.

வீட்டு வாசலை அடைந்தபோது வெயில் இன்னும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்தார்கள். மகள் பையைக் கீழே வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மாவுக்குத் தெரியுமா, நீங்க கைய விட்டது?"

"தெரியும்."

"ஊருக்கு?"

"தெரியாது."

"என்னை எதுக்கு வெட்டச் சொன்னீங்க?"

நான் என் கையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கோபம் மாதிரித் தெரியவில்லை. கணக்குப் போடுகிறவள் மாதிரி இருந்தாள்.

பிறகு அந்தப் பேரைச் சொன்னாள்.

இனிஷியலோடு சொன்னாள். சத்தம் போடவில்லை, ஆனால் களம் வரை கேட்கும்படி சொன்னாள். தூற்றிக்கொண்டிருந்தவர்கள் முறத்தை நிறுத்தினார்கள். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டு மறுபடி சொன்னாள். செத்துப்போன ஊர்க்கவுண்டரின் மகன் களத்திலிருந்து ஏறி வந்தார். வேண்டாம் சாமி, ஒவ்வொன்றுக்கும் விழ வேண்டியிருக்கும் என்று அவளிடம் சொன்னார். தெரியுமுங்க, எழுதுனதும் எடுத்த மாதிரித்தானுங்க என்றாள். ஏன் என்று அவர் என்னைக் கேட்டார். நான் சொல்லவில்லை. அவள் மறுபடி சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட்டாள். அவசரப்படவில்லை. நான் போய் அவள் வாயைப் பொத்தியிருக்கலாம். இந்தக் கையால் பொத்த முடியவில்லை. நின்றுகொண்டு எண்ணினேன்.

பதினான்கு.